தூசியோடு ஆறு ஆண்டுகள்: பிளாஸ்டிக் கார்டு அச்சிட்ட அனுபவம்

அடையாள அட்டை, உறுப்பினர் அட்டை போன்றவற்றை அச்சிடும் கார்டு பிரிண்டர் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் ஓராண்டு இங்க்ஜெட்டோடு மல்லுக்கட்டினேன். வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் நிறம் எப்படி வரும் என்றுதான் கேட்கிறார்கள். தூசியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது அதுதான்.

முதலில் இங்க்ஜெட் கதை. சிடியின் மேல் அச்சிடும் வசதியுள்ள சில பிரிண்டர்களில், கார்டு வைக்கும் தட்டைச் செருகி அச்சிடலாம். சாதாரண பிவிசி கார்டு மையை உறிஞ்சாது; விரலால் தேய்த்தால் முகமே போய்விடும். மை பிடிக்கும் பூச்சுள்ள கார்டுதான் வேண்டும். படம் நன்றாகவே வந்தது. உண்மையைச் சொன்னால், இப்போதைய பிரிண்டரில் வருவதைவிட நுணுக்கமாக. ஆனால் ஒரு நூலகத்துக்குச் செய்து கொடுத்த உறுப்பினர் அட்டைகள் சில மாதங்களில் ஓரம் வெளுத்து, வியர்வை பட்ட இடமெல்லாம் கறையாகித் திரும்பி வந்தன. அத்தோடு விட்டேன்.

இப்போது இருப்பது ரிப்பனில், அதாவது சாயம் பூசிய மெல்லிய படலச் சுருளில், அச்சிடும் வகை. மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு, கடைசியாக நிறமற்ற மேற்பூச்சு என்று ஐந்து பட்டைகள். முதல் மூன்றிலும் உள்ள சாயம், அச்சுத்தலை என்ற சூடாகும் பாகம் அழுத்தும்போது பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடுகிறது. கறுப்பு அப்படியல்ல, அது பிசின், மேலே ஒட்டிக்கொள்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் பார்கோடையும் படத்தோடு சேர்த்தே வடிவமைத்து அறுபது கார்டுகள் அடித்தேன். கண்ணுக்குக் கன்னங்கரேல் என்றிருந்தது. அகச்சிவப்பு ஒளியில் படிக்கும் கருவியோ, மூன்று சாயங்கள் கலந்த அந்தக் கறுப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. அறுபதையும் மீண்டும் அடித்தேன். ஒரே ஓர் எழுத்தை அச்சிட்டாலும் ஐந்து பட்டைகளும் ஒரு சுற்றுத் தீர்ந்துவிடும் என்பதால், பிழையான கார்டு ஒவ்வொன்றும் இரட்டை நட்டம்.

இனி தூசி. கார்டுக்கும் ரிப்பனுக்கும் நடுவே ஒரு துகள் சிக்கினால் அந்த இடத்தில் சாயம் இறங்காது, வெள்ளைப் புள்ளி விழும். அது ஏனோ பெரும்பாலும் மூக்கின் மேல்தான் விழுகிறது. கொஞ்சம் கடினமான துகளாக இருந்தால் அச்சுத்தலையையே கீறிவிடும். அதன்பின் எல்லாக் கார்டுகளிலும் ஒரே இடத்தில் நீளமாக ஒரு கோடு. இரண்டாம் ஆண்டில் தலையை மாற்றிய பிறகுதான் புத்தி வந்தது. இப்போது ரிப்பன் மாற்றும்போதெல்லாம் ஆல்கஹால் தோய்ந்த துப்புரவு அட்டையை உள்ளே ஓடவிடுகிறேன். மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். கார்டை ஓரத்தில் மட்டுமே பிடிக்கிறேன், ஏனென்றால் விரல் ரேகையின் எண்ணெய்ப்பசையும் அச்சில் அப்படியே தெரியும்.

கார்டின் அளவு 85.6 மி.மீ.க்கு 53.98 மி.மீ., தடிமன் 0.76 மி.மீ. என்னுடையது போன்ற பிரிண்டர்கள் விளிம்புவரை போவதில்லை. மெல்லிய வெள்ளைக்கோடு நிற்கும். பின்னணியையே வெள்ளையாக வைத்தால் யாரும் கவனிப்பதில்லை. சிப் உள்ள கார்டுகளை மட்டும் வெளியே கொடுத்துவிடுகிறேன். அங்கே முதலில் ஒரு படலத்தில் அச்சிட்டு, பிறகு அதைக் கார்டின் மேல் சூடாக ஒட்டுகிறார்கள். அதனால் சிப்பின் மேடு பள்ளம் அச்சுத்தலையைத் தொடுவதில்லை, விளிம்பும் நிறைகிறது. ஆயிரக்கணக்கில் ஒரே வடிவம் என்றாலும் வெளியேதான். பெரிய தாளில் ஆஃப்செட்டில் அடித்து, மேலே தெளிவான படலம் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டி, பிறகு வெட்டி எடுக்கிறார்கள். படம் அடியில் இருப்பதால் எளிதில் தேய்வதில்லை. வீட்டில் அந்த உறுதி கிடைக்காது.

எவ்வளவு நாள் உழைக்கும் என்று கேட்டால், கழுத்தில் தொங்கும் கார்டுகள் நான்கு ஆண்டுகள் தாண்டியும் நன்றாக இருக்கின்றன. நாள்தோறும் கருவியில் தேய்ப்பவை சீக்கிரம் தோற்கின்றன. வெயிலில் கிடப்பவை வெளிறுகின்றன. மிருதுவான வினைல் உறையில் வைத்தவற்றில் ஒரு வேடிக்கை: சாயம் மெல்ல உறைக்குத் தாவி, கார்டை எடுத்த பிறகும் உறையில் அந்த ஆளின் முகம் மங்கலாகச் சிரிக்கிறது.

தீர்ந்த ரிப்பனை முதலில் அப்படியே குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சும்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அச்சிட்ட அத்தனை பேரின் பெயரும் எண்ணும், கறுப்புப் பட்டையில் எழுத்துப் பிசகாமல் வரிசையாக நின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு ரிப்பனையும் உட்கார்ந்து துண்டு துண்டாக நறுக்கிவிட்டுத்தான் போடுகிறேன். அரை மணி நேரம் ஆகிறது.