பெரியப்பாவுக்கு சேலத்தில் எடுத்த ஸ்கேன்

மூணு வருஷம் கழிச்சு டொரொண்டோவில் இருந்து ஊருக்குப் போயிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய், அங்கிருந்து நாகலூர் போனால், பெரியப்பா திண்ணையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். "குனிஞ்சா கொஞ்சம் தேவலை கண்ணு. நிமிர்ந்தா முதுகு வரைக்கும் இழுக்குது" என்றார். ஒரு வருஷமா கேஸ் மாத்திரைதான்.

பெரியம்மா பீரோவில் இருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். ஆறு மாசம் முன்னாடி மலைக்குக் கீழே ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்த வயிற்று அல்ட்ராசவுண்ட். "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க." படித்துப் பார்த்தேன். கல்லீரல், பித்தப்பை, கிட்னி எல்லாம் நார்மல். இன்சுலின் சுரக்கும் கணையத்துக்கு நேரே மட்டும் 'குடல் வாயுவால் மறைந்துள்ளது' என்று ஒரு வரி. எனக்கு வயிறு எரிந்தது. மறைந்துள்ளது என்றால் அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை! கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. நடுவில் குடலில் காற்று இருந்தால் ஒலி அலை அதைத் தாண்டாது. இதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாளே சேலத்துக்குக் கூட்டி வந்தேன். வயிறு, குடல் டாக்டர் கையை வைத்துப் பார்த்ததுமே சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்த்து கிட்னி சரி என்று தெரிந்த பிறகுதான் சாய மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடாகி, "ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருந்துச்சுடா" என்று பெரியப்பா வெளியே வந்து கூச்சத்தோடு சொன்னார். நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும், முன்னாடியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள்.

டாக்டர் திரையில் காட்டியது மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த படத்தை. மருந்து ஏறிவிட்டால் ரத்தக் குழாயும் வெள்ளையாகிவிடும், சின்னக் கல் அதில் கலந்துபோகும் என்றார். கணையம் நெடுக உளுந்து சிதறின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். நாள்பட்ட கணைய அழற்சி, கணையக் குழாயில் சுண்ணாம்புக் கல். பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்றார். கட்டி எதுவும் தெரியவில்லை.

பெரியம்மா தயங்கித் தயங்கி, "இவரு குடிச்சதே இல்லைங்க" என்றார். சொந்தக்காரர்கள் அப்படியும் பேசியிருக்கிறார்கள் போல. "குடிக்காதவங்களுக்கும் வரும்மா. தென்னிந்தியாவுல ரொம்ப காலமாவே இதைப் பார்க்கிறோம்" என்றார் டாக்டர். பெரியம்மா அங்கேயே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

இரண்டே நாளில் எம்.ஆர்.சி.பி.யும் எடுத்தாகிவிட்டது. பித்தக் குழாயையும் கணையக் குழாயையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அது. அதில் கதிர்வீச்சு கிடையாது, சாய மருந்தும் ஏற்றவில்லை. குழாயில் இருக்கும் நீரே பளிச்சென்று தெரிந்து, எங்கே அடைப்பு என்று காட்டிவிடுகிறது. டொரொண்டோவில் என் முழங்கால் எம்.ஆர்.ஐ.க்கு நாலு மாசம் காத்திருந்தேன், ஆனால் கைக்காசு போகவில்லை. இங்கே எல்லாமே கைக்காசு.

பிலிம் மட்டும் கொடுத்தார்கள். கேட்டு டிஸ்க்கும் வாங்கினேன். அடுத்த மாசம் அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைத்து, எண்டோஸ்கோப்பி வழியாக எடுக்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். அந்த டிஸ்க் இப்போது பெரியம்மாவின் பீரோவில், பழைய கவருக்கு மேலே இருக்கிறது.