பழைய கிராபிக்ஸ் கார்டுக்குப் புதுப் பெயர்: பட்ஜெட் பிசி வாங்குவோர் கவனத்துக்கு

செகண்ட்ஹேண்ட் பிசி தேடுகிறவர்கள், அதிலும் பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் வாங்கி வாங்குகிறவர்கள், இதை முழுக்கப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

என் அக்கா மகன் டிசைன் படிக்கிறான். பிளெண்டர் என்ற 3டி டிசைன் மென்பொருள் ஓடுகிற மாதிரி ஒரு சிஸ்டம் வேண்டும் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் வாங்கினோம். ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு என்றார்கள். ஆன் செய்து, விண்டோஸில் கார்டின் பெயரையும் காட்டினார்கள். கிளம்பும்போது, "டிரைவரை மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்க சார்" என்றார் கடைக்காரர். டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள்.

வீட்டில் சின்ன மாடல்கள் ஓடின. கொஞ்சம் பெரிய ஃபைலைத் திறந்தால் திரை முழுக்கக் கோடுகள், அப்புறம் சிஸ்டமே நின்றுவிடும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். கார்டின் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டியது. உள்ளே இருந்தது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சிப். அசல் 1050 டிஐயில் 768 கோர்கள் (கணக்குப் போடும் அலகுகள்) உண்டு, இதில் 192தான்.

இது எப்படி நடக்கிறது? கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதிவிடுகிறார்கள். கார்டு தன் பெயர் என்று எதைச் சொல்கிறதோ அதைத்தான் விண்டோஸ் காட்டும். மெமரியும் அப்படித்தான்: 4 ஜிபி என்று எழுதியிருக்கும், உண்மையில் 1 ஜிபிதான் இருக்கும். அதைத் தாண்டி வேலை கொடுத்ததும் திணறுகிறது. அந்தப் பழைய சிப்களுக்குப் புது டிரைவர் தருவதை, அவற்றை உருவாக்கிய என்விடியா நிறுவனம் 2018லேயே நிறுத்திவிட்டது. அப்டேட் செய்தால் குட்டு உடைந்துவிடும் என்று தெரிந்துதான் அந்த அறிவுரை. ஒரு மாணவனின் படிப்புச் செலவில் இப்படிக் கை வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஐ7 என்றதும் பொய்யில்லை, ஆனால் இரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. தலைமுறையைச் சொல்லாமல் வெறும் ஐ7 என்று விற்பதும் ஏமாற்று வேலைதான் என்பேன்.

திரும்பக் கொண்டுபோனால், "நீங்க ஏதோ சாஃப்ட்வேர் போட்டுக் கெடுத்துட்டீங்க" என்றார்கள். தந்திருந்ததோ ஜிஎஸ்டி பில் அல்ல, 'கேமிங் பிசி' என்று மட்டும் எழுதிய எஸ்டிமேட் தாள். அதே தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கார்டைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே போலி என்று சொன்னவரும் அங்கே கடை வைத்திருப்பவர்தான். பழைய வகை மானிட்டர் கேபிளைச் செருகும் விஜிஏ போர்ட்டைக் காட்டினார். 1050 டிஐ சிப்பில் விஜிஏ வெளியீடே கிடையாது. நீல நிற விஜிஏ போர்ட்டோடு 1050 டிஐ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

ஜிபியு-இசட் ஒரே சின்ன ஃபைல். பென்டிரைவில் கொண்டுபோய், காசு கொடுக்கும் முன் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். ஓட்ட விடமாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள். பில்லில் கார்டின் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். யுபிஐ மூலம் பணம் கட்டிய விவரத்தையும் ஜிபியு-இசட் படத்தையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். அதற்கும் கடை அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.