பதின்மூன்று வருடம், மூன்று ஆர்டிஓஎஸ்: அம்பத்தூரிலிருந்து ஓர் அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெனரேட்டர் கன்ட்ரோலர் செய்யும் சிறிய கம்பெனியில் 2012 முதல் ஃபர்ம்வேர், அதாவது போர்டுக்குள் ஓடும் மென்பொருள், எழுதுகிறேன். கரண்ட் போனதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வோல்டேஜ் நிலைத்த பிறகு லோடை மாற்றிவிட வேண்டும். ஆயில் பிரஷர் விழுந்தால் உடனே நிறுத்த வேண்டும். அந்த 'உடனே'வுக்காகத்தான் ஆர்டிஓஎஸ் (RTOS), அதாவது வேலைகளைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம்.

முதலில் வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கியது. பெயர் வேண்டாம். கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அருமை, சந்தேகம் கேட்டு மெயில் போட்டால் மறுநாளே பதில் வரும். சில வருடங்களில் அந்தக் கம்பெனி கைமாறியது. பதில் சொன்னவர்கள் போய்விட்டார்கள். புதிய சிப்புக்கு மாற நினைத்தபோது லைசென்ஸை முதலிலிருந்து வாங்கச் சொன்னார்கள். முதலாளி அன்றே முடிவெடுத்துவிட்டார்.

2018இல் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸுக்கு மாறினோம். ரிச்சர்ட் பேரி 2003இல் தொடங்கியது அது. 2017இல் அமேசான் பொறுப்பேற்று, கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி லைசென்ஸுக்கு மாற்றியது. முன்பிருந்த ஜிபிஎல் லைசென்ஸால் எங்கள் சோர்ஸ் கோடையும் வெளியிட வேண்டிவருமோ என்று முதலாளிக்கு இருந்த பயம் அதோடு தீர்ந்தது. மாறும்போது டாஸ்க் (தனித்தனியாக ஓடும் வேலை) முன்னுரிமையில் கவனம் வேண்டும். பழையதில் 0தான் உச்சம், இதில் எண் கூடக் கூட முன்னுரிமை கூடும். அப்படியே காப்பி செய்தால் வெறும் பதிவு எழுதும் லாகிங் டாஸ்க் மேலே போய் உட்கார்ந்துவிடும்.

என்னை அதிகம் படுத்தியது வேறொன்று. வேளச்சேரி அடுக்குமாடி ஒன்றில் மாதம் ஓரிரு முறை போர்டு தானாக ரீசெட் ஆகும். மூன்று மாதம் தேடினேன். சிப்புகள் பேசிக்கொள்ளும் சீரியல் பஸ்ஸை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பயன்படுத்த நான் போட்டிருந்த பூட்டு, பைனரி செமஃபோர். கீழ் முன்னுரிமை லாகர் அதைப் பிடித்திருக்கும்போது நடு முன்னுரிமை டிஸ்ப்ளே டாஸ்க் குறுக்கே ஓடும். கன்ட்ரோல் டாஸ்க் காத்தே கிடக்கும், புரோகிராம் உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் வாட்ச்டாக் ரீசெட் அடிக்கும். 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கும் இதே நோய்தான். அதில் இருந்த ஆர்டிஓஎஸ் விஎக்ஸ்வொர்க்ஸ். பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்கு, காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் முன்னுரிமை வாரிசு வசதியை இயக்கச் சொல்லி பூமியிலிருந்தே திருத்தம் அனுப்பினார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் மியூடெக்ஸ் என்ற இன்னொரு வகைப் பூட்டில் அந்த வசதி உண்டு, செமஃபோரில் கிடையாது. ஒரே வரி மாற்றம்தான். ஆனால் டிசம்பர் மழையில் லேப்டாப்போடு பதினோரு இடத்துக்கு அலைந்தேன்.

அப்புறம் 2021 சிப் தட்டுப்பாடு. நாங்கள் போடும் கன்ட்ரோலர் சிப் ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்கத் தேடியும் இல்லை. ஃப்ரீஆர்டிஓஎஸ் அடிப்படையில் கெர்னல்தான், சிப்பின் பாகங்களை இயக்கும் டிரைவர்கள் சிப் கம்பெனியுடையவை. சிப் மாறினால் பாதி கோடு மாறும். அதனால்தான் அடுத்த வருடம் புதிய மாடலுக்கு, டிரைவர்களோடு சேர்ந்தே வரும் ஸெஃபிர் என்ற ஆர்டிஓஎஸ்ஸை எடுத்தேன். லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2016இல் தொடங்கிய திட்டம், அப்பாச்சி 2.0 லைசென்ஸ். போர்டில் என்னென்ன எங்கே இருக்கிறது என்று விவரிக்கும் டிவைஸ்ட்ரீ பிடிபட இரண்டு வாரம் ஆனது. பிடிபட்ட பின் இன்னொரு கம்பெனி சிப்புக்கு நான்கே நாளில் மாறினோம். மெமரி மிகக் குறைந்த சின்ன போர்டுக்கு இன்றும் ஃப்ரீஆர்டிஓஎஸ்தான் வைக்கிறேன்.

இந்தச் சந்தையில் கெர்னல் வேகத்தை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உரிமையாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். விஎக்ஸ்வொர்க்ஸ் கம்பெனியான விண்ட் ரிவரை 2009இல் இன்டெல் வாங்கியது, 2018இல் டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது, 2022இல் கார் பாகக் கம்பெனி ஆப்டிவ் வாங்கியது. த்ரெட்எக்ஸ் என்ற ஆர்டிஓஎஸ் 2019இல் மைக்ரோசாஃப்டிடம் போய், 2023இல் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்கு வந்தது. ஆர்டிஓஎஸ் கம்பெனி மைக்ரியம் 2016இல் சிலிக்கான் லேப்ஸிடம் சேர்ந்தது. சிப் வடிவமைப்புக் கம்பெனி ஆர்ம் தன் எம்பெட் ஓஎஸ்ஸை 2026 ஜூலையோடு நிறுத்துவதாக அறிவித்தது. எங்கள் போர்டு பதினைந்து வருடம் ஓட வேண்டியது. அதற்குள் உரிமையாளர் எத்தனை முறை மாறினாலும் சோர்ஸும் லைசென்ஸும் என் கையில் இருக்க வேண்டும், அதைத்தான் முதலில் பார்க்கிறேன். கார் பிரேக், வென்டிலேட்டர் போன்றவை வேறு கணக்கு. அங்கே பாதுகாப்புச் சான்றிதழோடு வரும் க்யூஎன்எக்ஸ், இன்டெக்ரிட்டி போன்ற ஆர்டிஓஎஸ்களுக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும்.

2014இல் போட்ட போர்டுகள் சில கிண்டியில் இன்னும் ஓடுகின்றன. அந்தப் பழைய ஆர்டிஓஎஸ்ஸும் கம்பைலரும் உள்ள லேப்டாப்பை அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு ஒரு பில்டு எடுத்துப் பார்க்கிறேன்.