மரநிழலில் மஞ்சள் பூ: வெடேலியாவா, மஞ்சள் கரிசலாங்கண்ணியா?

மரத்தடியில் புல் நிற்கவே இல்லை. தரையை மூட வேண்டும், பூக்கவும் வேண்டும் என்று நர்சரியில் கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது வெடேலியாவைத்தான். இரண்டு ஆண்டுகள் அதை வளர்த்தேன். பிறகு முழுவதையும் பிடுங்கிவிட்டு மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு மாறினேன்.

இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள். பூவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இலையைப் பாருங்கள். வெடேலியாவின் இலை பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நம் மண்ணுக்குரிய கரிசலாங்கண்ணியின் இலையோ நீண்டு ஒடுங்கியது, மடல் கிடையாது, தடவினால் சொரசொரக்கும்.

பூவின் எண்ணிக்கையிலும் படரும் வேகத்திலும் வெடேலியாவே முந்தும். அந்த வேகம்தான் என்னைத் தோற்கடித்தது. தண்டின் கணு மண்ணைத் தொட்டால் போதும், வேர் விடுகிறது. கத்தரித்தபோது சிதறிய துண்டுகள் தனிச் செடிகளாயின; உரக்குழியில் கொட்டியவையும் துளிர்த்தன. ஓரம் வெட்டுவதே வேலையாகிப்போனது. நான் ஆசையாக நட்ட இரண்டு பெரணிகள் அதன் அடியில் அழுகின. வெடேலியா வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இதைப் படித்த பிறகு வேலிக்கு வெளியே அது தலைநீட்டுவதைப் பார்க்கவே மனம் பதறியது.

கரிசலாங்கண்ணியும் கணுவில் வேர்விடும், ஆனால் என் தோட்டத்தில் நிதானமாகவே படர்கிறது. முதல் சில மாதங்கள் இடைவெளியில் முளைக்கும் களையை நாமே எடுக்க வேண்டும். மண்ணில் ஈரம் குறையக் கூடாது. பெரிய வேர்களை வெட்டாமல், அவற்றுக்கு இடையே மண் கிடைக்கும் இடங்களில் நெருக்கமாக நட்டேன். இலைகளுக்கு ஊடே வெயில் சிந்தும் பக்கம் நன்றாகப் பூக்கிறது. அடர்ந்த நிழலில் இலைதான் மிகுதி. ஒரே ஒரு மழைக்காலத்தைத்தான் அங்கே பார்த்திருக்கிறேன் என்பதால் அடர்நிழலுக்கு இதை உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிழலின் ஓரத்தில் பாதி வெயில் விழுமென்றால் பொடுதலையும் நல்லது. வெண்ணிறச் சிறு பூக்கொத்துகளைத் தேனீக்கள் விடுவதில்லை. வல்லாரை தரையை அழகாக மூடும், பூதான் கண்ணுக்குத் தெரியாது.

ஏற்கெனவே வெடேலியா வைத்திருப்பவர்கள் மண் ஈரமாக இருக்கும்போது தோட்ட முள்கரண்டியால் நெம்பி வேரோடு எடுங்கள். எடுத்த தண்டுகளைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த பிறகே உரக்குழியில் போடுங்கள்.