ஷேரிங் படகா, தனிப் படகா? டால்பினையும் பவளத்திட்டையும் ஒரே காலையில் பார்க்க

டால்பின் பார்க்க முதல் தடவை போனபோது ஷேரிங் படகில்தான் போனோம். அதற்கப்புறம் இரண்டு தடவை படகை முழுசாக நாங்களே எடுத்துக்கொண்டோம். மறுபடி போனால் எதில் போவாய் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் தனிப் படகு என்பேன். கூட்டம் இருக்காது, படம் எடுத்தால் அடுத்தவர் தலை குறுக்கே வராது, குடும்பமாகச் சத்தம் போட்டுச் சிரிக்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது எனக்கே வீண் என்று படுகிறது. நான் பணம் கொடுத்தது நேரத்துக்கு. எப்போது கிளம்புவது, எங்கே எவ்வளவு நேரம் நிற்பது, எதை முதலில் பார்ப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற ஒரே விஷயத்துக்கு.

பணக் கணக்கை முதலிலேயே முடித்துவிடலாம். ஷேரிங் படகில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், தனிப் படகுக்குப் படகுக்கு இவ்வளவு. ஆறேழு பேர் சேர்ந்து போனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். இரண்டே பேர் என்றால் கட்டுப்படியாகாது, ஷேரிங்கிலேயே போங்கள். திட்டில் மிதந்து பார்க்க மாஸ்க், மூச்சு விடும் ஸ்நார்க்கெல் குழாய், காலில் மாட்டும் ஃபின் எல்லாம் இரண்டு இடத்திலும் கொடுப்பார்கள். முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க் கிடைப்பது இரண்டிலும் அதிர்ஷ்டம்தான். சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

இனி நேரம்.

அந்த முதல் பயணத்தில் எட்டு மணிக்குக் கிளம்பும் என்றார்கள். இருபது பேருக்கு மேல் வந்து சேர்ந்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி, கடைசியாக வந்த குடும்பத்துக்கு உட்கார இடம் ஒதுக்கி, படகு நகரும்போது எட்டே முக்கால். டால்பின் கூட்டத்தை எட்டியபோது எங்களுக்கு முன்பே ஐந்தாறு படகுகள் சுற்றி நின்றன. ஒரு முதுகுத் துடுப்பு தெரிந்தால் எல்லாப் படகும் அந்தப் பக்கம் பாயும். முழுகிவிட்டால் நிற்கும். இன்னொரு இடத்தில் தெரிந்தால் அங்கே பாயும். அரை மணி நேரம் இதேதான். என் மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்பா, அது நம்மளப் பார்த்துதான் ஓடுதுப்பா” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது உறைத்தது.

அவள் சொன்னது கிட்டத்தட்ட சரி. வெப்பக் கடல்களில் கரையோரம் பார்க்கக் கிடைக்கும் டால்பின்களில் ஸ்பின்னர் வகை முக்கியமானது, துள்ளி மேலே வந்து உடம்பைப் பம்பரம் போலச் சுழற்றுமே, அதுதான். பல தீவுக் கடல்களில் அது இரவு முழுக்க ஆழ்கடலில் சிறு மீன்களையும் கணவாய்களையும் வேட்டையாடிவிட்டு, காலையில் ஆழம் குறைந்த அமைதியான விரிகுடாவுக்குள் ஓய்வெடுக்க வரும். மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறு பாதி விழித்திருக்கும் பிராணி என்பதால், தூக்கம் என்றாலும் நீந்திக்கொண்டேதான் இருக்கும். மெதுவாக, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே தாளத்தில் எழுந்து மூழ்கும். நாம் காலை நேர டால்பின் சவாரி என்று போய் நிற்பது அநேகமாக அதன் படுக்கையறைக்குள்.

இப்படித் தொந்தரவு ஆகாமல் இருக்கச் சில இடங்களில் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஹவாயில் 2021-இல் வந்த விதிப்படி, கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள் ஸ்பின்னர் டால்பினை 50 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது. அதாவது சுமார் 45 மீட்டர். படகுக்கும் அதே விதி, நீந்துகிற ஆளுக்கும் அதே விதி. நியூசிலாந்தில் ஒரு டால்பின் கூட்டத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள் ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் நிற்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே கடலில் செய்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. அங்கே சுற்றுலாப் படகு நடத்துபவர்கள் ஒருவரிலிருந்து இருவரானதும், அந்தப் பகுதியில் தென்படும் டால்பின்களின் எண்ணிக்கை குறைந்துபோனதை அது காட்டியது. படகு ஒன்றும் முட்டவில்லை, மோதவில்லை. தொந்தரவு தாங்காமல் இடத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

ஷேரிங் படகின் கேப்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறிய இருபது பேரும் டால்பினுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறார்கள். பத்தரைக்குள் திட்டுக்குப் போக வேண்டும், பன்னிரண்டுக்குள் திரும்ப வேண்டும், மதியம் அடுத்த கூட்டம் காத்திருக்கும். அந்த நெருக்கடியில் இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா நில் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாவது தடவை, தனிப் படகில், அதைச் சொன்னோம். ஆறு மணிக்குக் கிளம்பினோம். கடல் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. டால்பின் கூட்டம் இருக்கும் என்று தெரிந்த இடத்துக்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் கொஞ்ச தூரம் ஊர்ந்து, கேப்டன் இன்ஜினை அணைத்தார். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. அம்மா, “இதுக்குத்தான் இருட்டுல எழுப்பினியா?” என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். எனக்கும் உள்ளுக்குள் கவலைதான். அப்புறம் முதலில் காதில்தான் விழுந்தது, தண்ணீருக்கு மேலே யாரோ பெருமூச்சு விட்டது போல. “மாடு மூச்சு விடுற மாதிரியே இருக்குடா” என்றார் அம்மா. பத்துப் பன்னிரண்டு இருக்கும், எங்களைக் கடந்து மெதுவாகப் போயின. ஒரு குட்டி தாயின் விலாவை விட்டு விலகவே இல்லை. துள்ளல் இல்லை, சுழற்சி இல்லை. இன்ஜின் ஓடும் படகில் அந்த மூச்சுச் சத்தம் கேட்டிருக்காது. சர்க்கஸ் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகவும் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு டால்பின் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பவளத்திட்டு. ஒரே காலையில் இரண்டும் என்று விற்கிறார்களே தவிர, இரண்டும் கேட்கிற நேரம் வேறு. டால்பினுக்கு விடிகாலையின் அமைதியான கடல் வேண்டும். நீர் சிலுசிலுத்தாலே முதுகுத் துடுப்பு அலையோடு கலந்துவிடும். திட்டுக்குச் சூரியன் கொஞ்சம் ஏற வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் நீருக்குள் எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும். ரொம்பவும் தாமதித்தால் முன்மதியத்தில் கடற்காற்று எழும்பி நீரைக் கலக்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதற்குள் நீர்மட்டமும் ஒத்துழைக்க வேண்டும்.

நீர்மட்டத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. ஏற்றமும் இறக்கமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஒன்பதுக்கு நீர் முழுசாக ஏறியிருந்தால் நாளை பத்துக்குச் சற்று முன்னால், ஒரு வாரம் கழித்து அதே ஒன்பது மணிக்கு ஏறக்குறைய வற்றிக் கிடக்கும். ஷேரிங் படகின் அட்டவணையோ வருஷம் முழுக்க அதே எட்டு மணி. எங்கள் முதல் பயணம் வற்றல் நேரத்தில் போய் மாட்டியது. திட்டின் மேல் முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தண்ணீர். குப்புற மிதந்தால் வயிறு பவளத்தை உரசுமோ என்று பயம், ஃபினை அடித்தால் பவளம் உடையுமோ என்று பயம். உருண்டையாக வளரும் பவளம் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. ஒரு உதையில் போவது பத்து, இருபது வருஷ வளர்ச்சி. என் முட்டியிலும் ஒரு கீறல். பவளக் கீறல் சாதாரணக் கீறல் மாதிரி ஆறாது, அதை நன்றாகக் கழுவ வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். இருபதே நிமிடத்தில் விசில் அடித்து மேலே கூப்பிட்டுவிட்டார்கள். அன்று அதில் வருத்தம்கூட இல்லை.

தனிப் படகில் போவதற்கு முன்பு ஏற்ற இறக்க நேரம் சொல்லும் அலை அட்டவணையைப் பார்த்துத் தேதியைத் தேர்ந்தெடுத்தோம். உச்ச ஏற்றத்துக்கு முக்கால் மணி முன்னால் திட்டில் இறங்கினோம். ஏற்றம் முடிகிற நேரத்தில் நீரோட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடும். கடலிலிருந்து புது நீர் உள்ளே வந்திருப்பதால் பெரும்பாலும் தெளிவாகவும் இருக்கும். ஒன்றேகால் மணி நேரம் மிதந்தோம். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் நீருக்குள் கறுக் கறுக் என்று கேட்கும், கேட்டிருக்கிறீர்களா? விசில் அடிக்க யாரும் இல்லாதபோதுதான் அதையெல்லாம் நின்று கேட்க முடிகிறது. பெரும்பாலான இடங்களில் ஏற்ற இறக்கமே ரொம்பக் குறைவான கடல்களும் இருக்கின்றன, மத்தியதரைக் கடல், கரீபியன் மாதிரி. அங்கே இந்த வாதத்தில் பாதி விழுந்துவிடும். காற்றும் வெளிச்சமும் மட்டுமே கணக்கு என்றால், சீக்கிரம் கிளம்பும் ஒரு ஷேரிங் படகே போதும்.

தனிப் படகு எடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. மூன்றாவது பயணத்தில் நண்பர் குடும்பமும் சேர்ந்து வந்தது. டால்பின்கள் நூறு மீட்டர் தள்ளி நின்றன. நண்பர் கேப்டனிடம், “இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க, பிள்ளைங்க பார்க்கட்டும்” என்றார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். காசு கொடுப்பவர் நாம் என்பதால் கேப்டன் மறுபேச்சு இல்லாமல் திருப்பினார். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முழுகிவிட்டன, அப்புறம் அன்று முழுக்கக் கண்ணில் படவில்லை. படகு தனியாக இருப்பதால் அவசரப்படாமல் இருக்கும் உரிமை கிடைக்கிறது. அவசரப்படுத்தும் உரிமையும் கூடவே கிடைத்துவிடுகிறது.

ஒரு விஷயத்தில் ஷேரிங் படகு தெளிவாக முந்துகிறது, அது பாதுகாப்பு. பெரிய படகில் ஆள் அதிகம். இரண்டு பேர் உங்களோடு தண்ணீரில் இறங்குவார்கள், ஒருவர் மேலே நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். நிழல் இருக்கும், கழிப்பறை இருக்கும், ஆட்டமும் குறைவு. தனியாக எடுக்கும் சின்னப் படகில் பல நேரம் கேப்டன் ஒருவர்தான். அவர் வழிகாட்ட நீரில் இறங்கிவிட்டால் படகில் யார்? ஸ்நார்க்கெல் செய்யும்போது ஒருவர் தடுமாறினால் பெரிய கூச்சல் எதுவும் கேட்காது, குப்புறக் கிடப்பவரைப் பார்த்தால் மீன் பார்ப்பது போலவே இருக்கும். அதனால் மேலே ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது கட்டாயம். நீச்சல் தெரியாத அம்மாவை நாங்கள் ஷேரிங் படகில் தைரியமாக இறக்கினோம், ஒருவர் மிதவை வளையத்தைப் பிடித்தபடி கூடவே வந்தார். தனிப் படகில் அவர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “நான் மூச்சுச் சத்தம் கேட்டாச்சு, எனக்கு அது போதும்” என்றார், ஆனாலும் முகத்தில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது. உங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது என்றால், நான் நேரத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஷேரிங்கில் போங்கள்.

தனிப் படகுதான் என்று முடிவானால், விலை பேசுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியவை உண்டு. கேப்டனைத் தவிர இன்னொருவர் வருவாரா? திட்டில் நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடுவாரா, அங்கே மிதவையில் கட்டுவாரா, அல்லது மணல் பார்த்துப் போடுவாரா? ஆட்கள் நீரில் இருக்கும்போது இன்ஜின் அணைந்திருக்குமா? ஏறுவதற்கு ஏணி இருக்கிறதா? ஏணி சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரம் நீந்திய கைகளால் படகின் விளிம்பைப் பிடித்து ஏறிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அப்புறம், நாங்கள் துரத்தச் சொல்ல மாட்டோம், தூரத்திலேயே நிறுத்துங்கள் என்று கரையிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் இரண்டாவது பயணத்துக் கேப்டன் அதைக் கேட்டதும் தோளைத் தளர்த்திக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றியது.

நான் போன மூன்று தடவையும் கடல் சாந்தமாக இருந்த மாதங்களில். கொந்தளிப்பான காலத்தில் சின்னப் படகு எப்படி என்று அனுபவித்துச் சொல்ல என்னால் முடியாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையை வைத்துக்கொண்டும் போனதில்லை. பாய்மரம் கட்டிய பெரிய கேட்டமரானை, அதாவது இரட்டை உடல் கொண்ட படகை, தனியாக எடுத்தால் ஆள்பலம், ஆட்டம் இரண்டு குறையும் தீரும் என்கிறார்கள், அதிலும் இன்னும் ஏறவில்லை.

நாலாவது பயணத்துக்கு மூன்று குடும்பம் சேர்கிறோம், பணம் பங்கு போட வசதி. அலை அட்டவணையும் பார்த்தாயிற்று. அந்த வாரத்தில் உச்ச ஏற்றம் காலை ஒன்பதே முக்காலுக்கு வருவது வியாழக்கிழமை. மற்ற இரண்டு வீட்டாரும் சனிக்கிழமைதான் லீவு என்கிறார்கள். சனிக்கிழமை என்றால் பதினொன்றரைக்குத்தான் நீர் ஏறும், காற்று அதற்குள் வந்துவிடும். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.