வெங்காய விதைப் பயிருக்கு நாகமும் போரனும்: மண்ணில் இடுவதா, இலைக்கு விசிறுவதா?

குமிழுக்கு வைக்கிற வெங்காயத்துக்கும் விதைக்கு வைக்கிற வெங்காயத்துக்கும் ஒரே பசளைக் கணக்குச் சரிவராது. விதைப் பயிர் தண்டு விட்டு, பூத்து, விதை முற்றும் வரை நிலத்தில் நிற்க வேணும். போரன் என்ற நுண்சத்துக் குறைந்தால் மகரந்தக் குழாய் ஒழுங்காக நீளாது. பூக்கொத்து உருண்டு திரண்டு நிற்கும். உதறினால் பதர்தான் கொட்டும்.

நாகம் என்ற துத்தநாகச் சத்தை முதலில் பார்ப்போம். எக்டேருக்கு 25 கிலோ நாக சல்பேற்று மண்ணில் இடுவது தமிழ்நாட்டில் பரவலான பரிந்துரை; எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) 600 கிராமுக்குச் சற்று மேல். கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். இறைப்பதும் அந்தக் கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணிதான். காரம் ஏற ஏற நாகம் கரையாமல் மண்ணோடு இறுகிவிடும். அதற்கு மேல் வருடாவருடம் அள்ளிப்போடும் ரீ.எஸ்.பி. என்ற பொஸ்பரசுப் பசளை. பொஸ்பரசு மிஞ்சினாலும் பயிர் நாகத்தை எடுக்கத் திணறும். அதனால் இங்கே நாகத்துக்கு இலைவிசிறலே என் தெரிவு: 10 லீற்றருக்கு 50 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு.

ஒன்றை மறக்கக் கூடாது. வெங்காயத் தாளில் மெழுகு படர்ந்திருக்கும். வெறும் கரைசலை அடித்தால் துளிகள் முத்து முத்தாக உருண்டு பாத்தியில் விழும், தாள் நனையாது. ஒட்டுப் பசை கட்டாயம் சேருங்கள். பொஸ்பேற்றுப் பசளையை அதே தாங்கியில் கலக்க வேண்டாம், வீழ்படிவாகிவிடும்.

போரனுக்கு என் தீர்ப்பு வேறு. அடிப்பசளையோடு பரப்புக்கு 250 கிராம் போராக்ஸ், பிறகு மொட்டுறை வெடிக்கும் முன் 10 லீற்றருக்கு 10 கிராம் போரிக் அமிலம் ஒரு விசிறல். போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. ஒரு மூலையில் கூடுதலாக விழுந்தால் தாள் நுனி கருகும். உலர்ந்த எருவோடு நன்றாகக் கலந்து சீராகத் தூவுங்கள்.

கடையில் விற்கும் கலவைப் பைக்கற்று? ஈ.டி.ரி.ஏ. நாகம் (மண்ணில் இறுகாதபடி பிணைத்த நாகம்) நல்ல சரக்குத்தான், ஆனால் விலை கடிக்கும். அதே வடிவில் உள்ள இரும்பைக் கார மண்ணில் ஊற்றினால் வீண். இலைக்கு மட்டும் அடிக்கலாம். போரன் எவ்வளவு என்று உறையில் பார்த்து வாங்குங்கள். மாட்டெருவும் பூவரசங்குழையும் இவற்றுக்குப் போட்டியே இல்லை, அவை எப்போதும் போட வேண்டியவை.

பூ விரிந்த பிறகு எதையும் விசிறாதீர்கள். வெங்காயப் பூவில் மகரந்தம் உதிர்ந்த பிறகே அதை ஏற்கும் சூல்முடி பக்குவப்படும்; அதனால் வேறு பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேணும். தேனீ வராவிட்டால் எந்தப் பசளையாலும் விதை சரியாகப் பிடிக்காது. ஒரு பாத்தியை விசிறாமல் விட்டுவையுங்கள். அதன் விதையைத் தனியாக உதறி, புடைத்து, நிறுத்துப் பார்த்தபின் அடுத்த போகத்துக்குச் செலவழிக்கலாம்.