கோடியில் படம் ஓடுகிறது, போஸ்டர் மட்டும் ஏன் நொண்டுகிறது?

நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) படங்களை வைத்து, கோடி என்ற மீடியா பிளேயர் மென்பொருளில் பார்க்கும் வீடுகளில் கேள்வி ஒன்றுதான். 4கே படம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. பட்டியலைத் தள்ளினால் மட்டும் போஸ்டர்கள் ஒவ்வொன்றாக, ஆடி அசைந்து வருகின்றனவே, ஏன்? ரூட்டரை மாற்றிப் பார்க்கிறார்கள், கேபிளை மாற்றிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் வீண் செலவு.

படம் என்பது ஒரே கோப்பு. திறந்துவிட்டால் வந்துகொண்டே இருக்கும். போஸ்டர்களோ நூற்றுக்கணக்கான சின்னக் கோப்புகள். எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையில் ஒவ்வொன்றுக்கும் திற, விவரம் கொடு, படி, மூடு என்று நாஸோடு பலமுறை போய்வர வேண்டும். அங்கே நேரத்தைத் தின்பது இந்த நடைதான், நெட்வொர்க்கின் வேகம் அல்ல. வைஃபையில் இன்னும் மோசம்.

இதற்காகத்தான் கோடி கேஷ், அதாவது தன் பெட்டியிலேயே ஒரு பிரதிக் கிடங்கு, வைத்திருக்கிறது. 2000x3000 போஸ்டரை ஒருமுறை இழுத்து, 480x720 அளவுக்குச் சுருக்கி, யூசர்டேட்டா என்ற தன் ஃபோல்டருக்குள் இருக்கும் தம்ப்நெயில்ஸ் ஃபோல்டரில் போட்டு, டெக்ஸ்சர்ஸ்13 தரவுத்தளத்தில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தப் பிரதியே திரைக்கு வரும். ஆக, முதல் தடவை மெதுவாக வந்தால் அது இயல்பு. இரண்டாம் தடவையும் மெதுவென்றால்தான் கோளாறு.

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது, பாத் சப்ஸ்டிட்யூஷன் (ஒரு பாதையை வேறொன்றுக்குத் திருப்பும் கோடி அமைப்பு) வழியாகத் தம்ப்நெயில்ஸ் ஃபோல்டரை நாஸுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று. இடம் மிச்சம் என்று பலர் செய்யும் தவறு இது. கேஷே நெட்வொர்க்கில் இருந்தால் கேஷ் எதற்கு? உடனே உள்சேமிப்புக்குத் திருப்புங்கள். அடுத்தது, "சுத்தம் செய்கிறேன்" என்று வரும் ஆட்-ஆன்கள். அவை தம்ப்நெயில்களை அழித்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். மூன்றாவது, வீடியோ கோப்பிலிருந்து தம்ப்நெயில் எடுக்கும் அமைப்பு. தனிப்படம் இல்லாத தொடர் எபிசோடுகளுக்கு வீடியோவையே நாஸில் திறந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுக்கும். மீடியா அமைப்பில் வீடியோஸ் பகுதிக்குப் போய் அணைத்துவிடுங்கள்.

அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ் என்ற கூடுதல் அமைப்புக் கோப்பில், கேஷ் படத்தின் அளவைச் சொல்லும் இமேஜ்ரெஸ் எண்ணைக் குறைத்தால் முதல் வரவு வேகமாகாது. மூலக் கோப்பு முழுதும் வந்துதானே சுருங்க வேண்டும்! குறைவது கேஷின் பருமன் மட்டும்.

கேஷை முன்கூட்டியே நிரப்ப டெக்ஸ்சர்கேஷ் என்ற பைத்தான் கருவி உண்டு. சேவைகள் அமைப்பில் எச்டிடிபி வழிக் கட்டுப்பாட்டையும், மற்ற செயலிகளின் ரிமோட் அனுமதியையும் திறந்து, கணினியிலிருந்து 'சி' கட்டளையை இரவில் ஓடவிடுங்கள். நடிகர் படங்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். அவற்றை முதலில் விட்டுவிட்டால் பாதி வேலை குறையும்.

எஸ்எம்பியை விட்டு என்எஃப்எஸ் என்ற இன்னொரு பகிர்வு முறைக்குப் போவதும் பலன் தரும். ஆனால் பாதை மாறினால் கோடி எல்லாப் படங்களையும் புதியவையாகக் கருதி மறுபடி இழுக்கும். பழைய எஸ்எம்பி முகவரியை நூலகத்தில் (கோடியின் படப் பட்டியல்) அப்படியே வைத்து, பாத் சப்ஸ்டிட்யூஷனில் என்எஃப்எஸ்ஸுக்குத் திருப்புங்கள். அது இங்கேதான் உண்மையில் பயன்படுகிறது. ஆண்ட்ராய்டு பெட்டி இணைய மறுத்தால் நாஸின் எக்ஸ்போர்ட் வரியில் (ஃபோல்டரை என்எஃப்எஸ்ஸில் பகிரச் சொல்லும் வரி) 'இன்செக்யூர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாஸில் தூங்கும் டிஸ்க் காரணமில்லாமல் விழிக்கிறதா? கேஷில் உள்ள படத்தையும் ஒரு நாள் கழிந்து காட்டும்போது, மூலம் மாறியிருக்கிறதா என்று கோடி போய்ப் பார்க்கும். டிஸ்க் விழிப்பது அதனால்தான்.

ஒற்றை டிவிக்கு, ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், கோடிக்கு இணை கிடையாது. இலவசம், எந்த வடிவமும் ஓடும், ஸ்கின் நம் இஷ்டம். ஆனால் மூன்று டிவி இருக்கும் வீட்டில் கோடியை மட்டும் தனியாக வைக்காதீர்கள். பெட்டிகளுக்குப் பொதுவாக வைக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் நூலகத்தைத்தான் பகிரும், தம்ப்நெயில்களை அல்ல. ஒவ்வொரு பெட்டியிலும் இதே பாடு முதலிலிருந்து. இத்தனை ஆண்டுகளாகியும் இதற்கு உள்ளேயே ஒரு வழி வைக்காதது கோபத்தைத்தான் கிளப்புகிறது. அந்த வீட்டுக்கு ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளைப் போடுங்கள். சர்வரே படத்தைச் சுருக்கி அனுப்பிவிடும்.